கடல் நோக்கி நிற்கும் பதினைவர்

இறந்தார்க்குக் கல் நாட்டுதல் மிகப் பழைய வழக்கம். போரில் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் எடுத்த நம் முன்னோர், அக்கல்லிலே அவன் பெயரையும் அவன் செய்த அருஞ்செயலையும் பொறித்து வைத்தனர். பெயர் நிலைத்தால் மனிதனும் ஒருவாறு நிலைத்தவனாவான் என்பது அவர்தம் எண்ணம். ஆனால், இறந்தவர் இன்னாரென்று எவரும் அறியாதவிடத்து, அவர் ஏறி வந்த மரக்கலத்தின் பெயரும் எந்த ஏட்டிலும் இல்லாதவிடத்து, நினைவுக்கல்லில் எதனைப் பொறிப்பது? அவ்வினாவுக்குக் கரிபியன் கடலிலுள்ள ஒரு சிறு தீவின் மக்கள் கண்ட விடையையே இன்று நேயர்களுக்குக் கூற விழைகின்றேன்.

அத்தீவின் பெயர் மார்ட்டினிக். மேற்கிந்தியத் தீவு வரிசையில் கிழக்கே அத்திலாந்திக் சமுத்திரத்துக்கும் மேற்கே கரிபியன் கடலுக்கும் இடையே அஃது அமைந்துள்ளது. 1502ஆம் ஆண்டிலே கொலம்பசு அங்கே கால்வைத்தார். 1635இல் பிரெஞ்சுக்காரர் குடியேறினர். 1946 முதல் அது பிரான்சின் கடல்கடந்த மாவட்டமாக இருந்து வருகின்றது. தீவின் தென்கரையில் டியமான் என்னும் ஊர் உளது. அதன் எதிரே, கரையிலிருந்து சற்றுத் தொலைவில், கடலினின்று செங்குத்தாக எழுந்து நிற்கும் பெரும்பாறை ஒன்றைக் காணலாம். அதன் உயரம் 175 மீற்றர். ஒளி பட்டு மின்னும் தோற்றத்தால் அதனை வைரப்பாறை என்றழைத்தனர். நெப்போலியன் காலத்துப் போரின்போது, 1804 முதல் 1805 வரை, ஆங்கிலேயர் அப்பாறைமீது பீரங்கிகளை ஏற்றி, அதனைத் தம் கடற்படைக் கப்பல்களுள் ஒன்றாகவே பதிவு செய்து வைத்திருந்தனர் என்பது வரலாற்றில் ஒரு விந்தை.

அப்பாறையைப் பார்த்தவாறு அமைந்த ஒரு சிறு குடாவுக்கு ஆன்சு கஃபார் என்று பெயர். அங்கே புல்வெளிச் சரிவொன்றிலே பதினைந்து வெண்ணிறச் சிலைகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டரை மீற்றர் உயரமும் நான்கு தொன் நிறையும் உடையது. இடைக்குக் கீழே நிலத்துட் புதைந்தன போன்ற தோற்றம், தோள்கள் சரிந்துள்ளன, தலைகள் கவிழ்ந்துள்ளன, கைகள் உடலோடு ஒட்டித் தொங்குகின்றன. ஒருவர் முகத்துக்கும் மற்றொருவர் முகத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பதினைந்தும் முக்கோண வடிவில் அணிவகுத்து ஒரே திசையை, கடலையே, நோக்குகின்றன. தரைவழியாக வருபவன் முதலிற் காண்பது அவற்றின் முதுகுகளையே. முகத்தைக் காண வேண்டுமாயின் அவன் சிலைகளைக் கடந்து முன்னே சென்று, கடலுக்கு முதுகு காட்டி நின்று திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

இச்சிலைகள் அங்கே நிற்கும் காரணத்தை அறிய, நாம் 1830ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 8ஆம் தேதிக்குச் செல்ல வேண்டும். அன்று நண்பகலளவில் பாய்க்கப்பல் ஒன்று டியமான் கரைக்கப்பால் வழக்கத்துக்கு மாறாக அங்குமிங்கும் திரும்பி அலைவதைக் கரையிலிருந்தோர் கண்டனர். மாலையில் அது பாறைகள் மலிந்த இடத்துக்கு அண்மையிலே நங்கூரமிட்டது. அயலிலே தூர்னெல் பிரபுவுக்குரிய கரும்புத் தோட்டமொன்றிருந்தது. அதனை மேற்பார்த்து வந்த பிரான்சுவா டிசாக் என்பவர் கப்பலுக்கு நேரவிருந்த ஆபத்தை உணர்ந்தார். படகு இறக்க முயன்றார். அலையின் வேகம் இடங்கொடுக்கவில்லை. கரையிலிருந்து சைகை காட்டினார். கப்பலிலிருந்து மறுமொழி வரவில்லை.

இரவு பதினொரு மணியளவில் மரம் முறியும் ஓசையும் மனிதர் அலறும் ஓசையும் எழுந்தன. டிசாக் ஓடினார். அவரோடு தோட்டத்து அடிமைகளும் ஓடினர். கப்பல் பாறையில் மோதி உடைந்து கிடந்தது. எஞ்சி நின்ற முன் பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு பலர் தொங்கினர். அப்பாய்மரமும் முறிந்து அவர்களை நுரைக்குள்ளும் பாறைமீதும் வீசியது. அவ்விருளில், அவ்வலையில், கரையிலிருந்தோர் தம்மால் இயன்றவரை இழுத்துக் கரைசேர்த்தனர். உயிரோடு மீட்கப்பட்ட ஆபிரிக்கர் 86 பேர். அவருள் 60 பேர் பெண்கள். 26 பேர் ஆண்கள். கரையொதுங்கிய உடல்கள் 46. அவற்றுள் நான்கு வெள்ளைக்கார மாலுமிகளின் உடல்கள். மற்றையோரைக் கடல் கொண்டது. கப்பல் எந்நாட்டுடையது, அதன் பெயர் யாது, எத்துறையிலிருந்து புறப்பட்டது என்பவற்றைக் கூற மாலுமிகளுள் ஒருவரும் எஞ்சவில்லை.

ஈண்டு ஒன்றைக் கருதுதல் வேண்டும். அடிமைகளாக விற்கப்படுவதற்கென்று கொணரப்பட்டவரைக் கடலினின்று மீட்ட கைகள் யாருடையவை? அவை பெரும்பாலும் அடிமைகளின் கைகள். ஆண்டாண்டுக்கு முன்னர் தாமோ தம் பெற்றோரோ அதே கடல் வழியாக அதே நோக்கத்துக்காகக் கொணரப்பட்டதை அவர்கள் அறிவர். தாம் யாரை எதற்குள் இழுத்துக் கரைசேர்க்கின்றனர் என்பதையும் அறிவர். அறிந்தும் இழுத்தனர், உயிர் முதலில் நிற்றல் வேண்டும் என்ற ஒரே நினைவினால் இழுத்தனர். அவ்விரவின் வீரச்செயல் இதுவே. இதனைச் செய்தவர் பெயர்களும் நமக்குக் கிடைக்கவில்லை.

மறுநாள் இறந்தோரைப் புதைக்கும் காலத்தில் ஒரு வேறுபாடு காட்டப்பட்டது. மாலுமிகளின் உடல்கள் சமயச் சடங்குகளோடு ஊர் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டன. ஆபிரிக்கர் உடல்கள் கரைக்குச் சற்று அப்பால் வெறுநிலத்திற் புதைக்கப்பட்டன. இவ்வேறுபாடு அன்று புதிதாக எழுந்ததன்று. 1685ஆம் ஆண்டில் பதினான்காம் லூயி மன்னன் வெளியிட்ட 'கறுப்பர் சட்டம்' அடிமைகளை அசையும் பொருள்களின் வரிசையிலே வைத்தது. ஞானஸ்நானம் பெற்ற அடிமைகளைப் புனித பூமியில் அடக்கம் செய்ய வேண்டுமென்றும், பெறாது இறந்தவர்களை இரவிலே, இறந்த இடத்துக்கு அயலிலுள்ள ஏதேனும் ஒரு வயலிலே புதைக்க வேண்டுமென்றும் அச்சட்டம் விதித்தது. வாழ்வில் மட்டுமன்றிச் சாவிலும் மனிதரைப் பிரித்து வைக்க எழுதப்பட்ட விதி அது.

உயிர் தப்பிய 86 பேரின் நிலைமையோ அதிகாரிகளுக்குப் பெருஞ் சிக்கலாயிற்று. அக்காலப் பிரெஞ்சுச் சட்டத்திலே ஒரு முரண்பாடு இருந்தது. அடிமைகளை வைத்திருத்தல் சட்டத்துக்கு உட்பட்டது. ஆனால் ஆபிரிக்காவிலிருந்து புதிதாக அடிமைகளைக் கொணர்ந்து விற்றல் சட்டத்துக்குப் புறம்பானது. இங்கிலாந்து 1807இல் அடிமை வாணிபத்தைத் தடைசெய்தது. பிரான்சிலே 1815இல் நெப்போலியன் தடையாணை பிறப்பித்தான்; 1818இலும் 1827இலும் அதற்கெனச் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஆயினும் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. கள்ளத்தனமாகக் கொணர்வோர்க்குக் கொள்ளை இலாபமும் இருந்தது. ஆகவே ஒதுக்குப்புறமான கரைகளைத் தேடி இத்தகைய கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன.

இப்போது கரைசேர்ந்த இவர்கள் யார்? கள்ளத்தனமாகக் கொணரப்பட்டவர்களாதலின் சட்டப்படி இவர்கள் எவருக்கும் அடிமைகளல்லர். ஆனால் அடிமைத் தீவொன்றிலே கால்வைத்த கறுப்பு நிறத்தவராதலின் இவர்களைச் சுதந்திர மனிதரென ஏற்கவும் அரசு ஒருப்படவில்லை. பல்லாயிரம் அடிமைகளின் கண்ணெதிரே, அவர்களைப் போலவே தோற்றமுடைய 86 பேர் அடிமையின்றி நடமாடினால் தோட்ட முதலாளிகளின் உறக்கம் கெடும் என்பதை ஊகித்தல் அரிதன்று. இறுதியிலே 1830 யூலை மாதத்தில் அவர்களைக் கப்பலேற்றித் தென்னமெரிக்கக் கரையிலுள்ள பிரெஞ்சுக் கயானாவின் தலைநகராகிய கயேனுக்கு அனுப்பிவிட்டனர். கடலில் மூழ்காது தப்பியவர் மீண்டும் கடல்மேற் செல்ல நேர்ந்தது. அதே மாத இறுதியிலேதான் பாரிசு நகர மக்கள் வீதிகளில் அரண் எழுப்பி, சுதந்திரத்தின் பெயரால் பத்தாம் சார்லசு மன்னனின் ஆட்சியை வீழ்த்தினர். ஒரே கொடியின் கீழ், ஒரே திங்களில், சுதந்திரம் என்னுஞ் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் வழங்கின.

இஃது ஒரு கப்பலின் கதை. இத்தகைய கப்பல்களின் தொகையையும் அவற்றிற் சென்றவர் தொகையையும் வரலாற்றாசிரியர்கள் துறைமுகப் பதிவேடுகளையும் வணிகக் கணக்குகளையும் ஆராய்ந்து மதிப்பிட்டுள்ளனர். பதினாறாம் நூற்றாண்டு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி கடந்தும் ஆபிரிக்கக் கரைகளிலே கப்பலேற்றப்பட்டவர் ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம். அமெரிக்கக் கரைகளில் உயிருடன் இறங்கியவர் ஏறத்தாழ 1 கோடியே 7 இலட்சம். இவ்விரு எண்களுக்கும் இடையேயுள்ள 18 இலட்சம் பேர் கடலிலே மாண்டவர். கடலுக்குக் கல்லறை இல்லை. ஆகையினாற்றான் அவர்க்குரிய நினைவிடங்கள் கரைகளில் எழுகின்றன.

இவ்வாணிபத்தை முக்கோண வாணிபம் என்பர். ஐரோப்பியத் துறைகளிலிருந்து துணி, இரும்பு, துப்பாக்கி, மதுவகை ஆகியவற்றை ஏற்றிய கப்பல்கள் ஆபிரிக்கா சென்றன. அங்கே அவற்றைக் கொடுத்து மனிதரைப் பெற்றன. மனிதரை மேற்கிந்தியத் தீவுகளில் விற்றுச் சர்க்கரையும் கோப்பியும் ஏற்றிக்கொண்டு ஐரோப்பா மீண்டன. பிரான்சிலே நாந்து நகரம் இதில் முதலிடம் பெற்றிருந்தது. கப்பல் ஒரு பக்கத்திலும் வெறுமையாய்ச் செல்லவில்லை; வணிகனின் பேரேட்டிலே மூன்று பக்கங்களும் இலாபமே காட்டின.

இம்முக்கோணத்தின் நிழல் நம் பக்கமும் விழுந்திருந்தது என்பதை நம்மிற் பலர் அறியார். ஆபிரிக்கக் கரையிலே மனிதருக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்ட பொருள்களுள் இந்தியத் துணிக்குப் பெருமதிப்பு இருந்தது. சோழமண்டலக் கரையின் தறிகளிலே நெய்யப்பட்ட துணிகள் ஐரோப்பியக் கம்பெனிகளின் கப்பல்களிலேறி முதலில் ஐரோப்பா சென்று, அங்கிருந்து ஆபிரிக்கத் துறைகளுக்குச் சென்றன. புதுச்சேரியிலிருந்து சென்ற நீலத்துணிக்குக் 'கினி' என்றே வணிகப் பெயர் வழங்கியது. நெய்தவன் தன் கூலியையன்றி வேறொன்றும் அறியான்; அவனைக் குறை கூறுவதற்கில்லை. எனினும், உலகின் ஒரு மூலையிலுள்ள தறியும் மற்றொரு மூலையிலுள்ள விலங்கும் எவ்வாறு ஒரே கணக்கேட்டில் அடுத்தடுத்து எழுதப்பட்டன என்பதை அறிதல் நன்று.

மார்ட்டினிக் தீவின் அடிமைகளுக்கு விடுதலை எளிதில் வரவில்லை. பிரெஞ்சுப் புரட்சி மன்று 1794இல் அடிமை முறையை ஒழித்தது. ஆனால் அவ்வாண்டே ஆங்கிலேயர் தீவைக் கைப்பற்றியமையால் அவ்வாணை அங்கு நடைமுறைக்கு வரவில்லை. 1802இலே தீவு மீண்டும் பிரான்சின் கைக்கு வந்தபோது, அடிமை முறையை நிலைநிறுத்தும் சட்டத்தை நெப்போலியன் கொணர்ந்துவிட்டான். பின்னர் 1848 ஏப்பிரல் 27இல், விக்தோர் செல்சேர் என்பவரின் பெருமுயற்சியால், பாரிசிலே விடுதலை ஆணை கையொப்பமாயிற்று. ஒவ்வொரு குடியேற்ற நாட்டிலும் அது வெளியிடப்பட்ட இரண்டு மாதத்தின் பின்னரே செயற்படல் வேண்டும் என்பது அதன் விதி.

மார்ட்டினிக் மக்கள் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. மே மாதத்தில், தடையை மீறிப் பறை அறைந்த ரொமெயின் என்னும் அடிமை சிறையிடப்பட்டான். அவனை விடுவிக்கக் கூடிய கூட்டம் பெருங் கிளர்ச்சியாக மாறி மே 22இல் சென் பியேர் நகரைக் கலக்கியது. மறுநாளே ஆளுநர் ரொசுத்தோலான், பாரிசிலிருந்து ஆணை வந்து சேருமுன்னரே, அடிமை முறை ஒழிந்தது என அறிவித்தார். 70,000க்கு மேற்பட்டோர் விடுதலை பெற்றனர். மறு ஆண்டு இயற்றப்பட்ட ஒரு சட்டம் நட்டஈடு வழங்கியது. யாருக்கென்று நேயர்கள் வினவலாம். அடிமைகளை இழந்த முதலாளிகளுக்கே வழங்கியது. விடுதலை பெற்றவர்க்கு ஒரு சதமும் கிடைத்திலது.

விடுதலையின் பின்னர் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலி வேண்டியிருந்தது. முதலாளிகளின் கண் இந்தியாவின்பாற் சென்றது. 1853 மே மாதத்தில் 'ஒரேலி' என்னும் கப்பல் இந்தியத் தொழிலாளரின் முதற் கூட்டத்தை மார்ட்டினிக்கில் இறக்கியது. அடுத்த முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 25,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்குச் சென்றனர். புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலே கப்பலேறிய அவர்களுட் பெருந்தொகையினர் தமிழர். ஒப்பந்தக் கூலியை அடிமையோடு சமமென்றல் பொருந்தாது. அவனுக்குக் காலவரையறை உண்டு, பெயர் உண்டு, பதிவேட்டில் ஊரும் தந்தை பெயரும் உண்டு. ஆனால் அவன் இறங்கிய கரையும், குடியிருந்த தோட்டமும், வெட்டிய கரும்பும் முன்னவன் விட்டுச் சென்றவையே.

இன்றும் அத்தீவின் வடபகுதியிலே மாரியம்மனுக்கும் மதுரைவீரனுக்கும் வழிபாடு நிகழ்கின்றது. வீரன் பெயர் அங்கே 'மால்தெவிலின்' எனத் திரிந்து வழங்குகின்றது. வீட்டுக்கு வீடு சமைக்கப்படும் மசாலைக் கறிக்குக் 'கொலம்போ' என்று பெயர். அது நம் கொழும்பு நகரின் பெயரே என்பர் சிலர். நம் 'குழம்பு' என்னும் சொல்லின் திரிபே என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும் அதனை இன்று ஆபிரிக்க வழிவந்தோரும் இந்திய வழிவந்தோரும் தம் உணவாகவே கருதி உண்கின்றனர். பிரிக்க எழுதிய சட்டங்கள் மறைந்தன. அடுப்பங்கரை ஒன்றாக்கியது நிலைத்துவிட்டது.

இனி, சிலைகளுக்கு மீள்வோம். விடுதலையின் 150ஆம் ஆண்டு நிறைவாகிய 1998இல் டியமான் ஊரார் இந்நினைவிடத்தை எழுப்பினர். செதுக்கியவர் அத்தீவைச் சேர்ந்த சிற்பி லோரான் வலேர். அதற்கிட்ட பெயர் 'திசை 110' என்பதாகும். மாலுமியின் திசைகாட்டியிலே வடக்கு பூச்சியம். கிழக்கு 90 பாகை. 110 பாகை என்பது கிழக்கிலிருந்து சற்றே தெற்கு நோக்கியது. அத்திசையிலே நேரே சென்றால் ஆபிரிக்காவின் கினி வளைகுடா வரும். சிலைகளின் அணிவகுப்பு முக்கோணமாக அமைந்தது முக்கோண வாணிபத்தை நினைவூட்டுதற்கு. நிறம் வெண்மையானது, அத்தீவுகளிலே துக்கத்துக்குரிய நிறம் வெண்மையாதலால். வெண்கொடி கட்டி இறந்தாரை வழியனுப்பும் நம் நாட்டவர்க்கு இதனை விளக்கிக் கூற வேண்டியதில்லை.

ஆகவே தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இதுவே விடை. பெயரைப் பொறிக்க இயலாதவிடத்துச் சிற்பி திசையைப் பொறித்தார். யாரென்று அறியோம், எப்பக்கமிருந்து வந்தனர் என்பதை அறிவோம். அவ்வளவினைத் துல்லியமாக, ஒரு பாகையும் பிசகாது கூறுவோம் என்பது அந்நினைவிடத்தின் நேர்மை. அறியாத பெயர்களைக் கற்பித்து எழுதவில்லை. கதறும் முகங்களைக் காட்டிக் காண்போர் கண்ணீரை வலிந்து பெறவும் முயலவில்லை.

யாரை நினைவுகூர்வது என்பது எளிய வினாவன்று. அதே தீவிலே, 2020 மே 22இல், விடுதலை நாளன்று, இளைஞர் சிலர் விக்தோர் செல்சேரின் இரு சிலைகளை வீழ்த்தி உடைத்தனர். விடுதலையைக் கையொப்பமிட்டவரை மட்டும் பீடமேற்றி, அதனைப் போராடிப் பெற்றவரை மறந்தது ஏன் என்பது அவர்கள் வினா. செல்சேரின் தொண்டு பெரிது. அதனை மறுத்தல் நன்றியன்று எனப் பலர் வருந்தினர். இரு சாரார் கூற்றிலும் உண்மை உண்டு. ஒன்று மட்டும் தெளிவு: கொடுத்தவன் சிலை நெடுங்காலம் தனித்து நின்றால், பெற்றவன் தான் வெறுங்கையேந்தி நின்றவனோ என்று ஒருநாள் கேட்பான். ஆன்சு கஃபார்ச் சிலைகள் எவரையும் போற்றவில்லை. எவர்க்கும் நன்றி கூறவில்லை. அவை இறந்தாரோடு உடன் நிற்கின்றன.

பிரெஞ்சு நாடாளுமன்றம் 2001இல் அடிமை வாணிபத்தையும் அடிமை முறையையும் மானிட இனத்துக்கு எதிரான குற்றம் எனச் சட்டத்தால் ஏற்றது. 2006 முதல் மே 10ஆம் நாள் பிரான்சு முழுவதும் நினைவு நாளாகக் கொள்ளப்படுகின்றது. நாந்து நகரமும் தன் ஆற்றங்கரையிலே 2012இல் நினைவிடம் அமைத்துத் தன் பழியைத் தானே கூறிக்கொண்டது. சட்டமும் நாளும் வேண்டியனவே. ஆனால் அவை இயற்றப்படுமுன்னரே ஒரு சிற்றூரார் தம் கரையில் இறந்த அந்நியர்க்குக் கடன் செய்து முடித்துவிட்டனர் என்பதை மறத்தலாகாது.

1830இல் இரவோடிரவாகக் கடலில் இறங்கியவர்கள், வந்தவர் பெயரைக் கேட்கவில்லை. அவர் ஊரையும் கேட்கவில்லை, கையைப் பற்றினர். அப்பற்றிய கையின் நினைவே பதினைந்து கற்களாய் அக்கரையில் நிற்கின்றது. மாலையிற் சூரியன் அவற்றின் முதுகுப் பக்கம் சாய, நிழல்கள் கடற்பக்கமாக நீளும். வந்த வழியே திரும்ப இயலாதவர்க்கு அவர் நிழலேனும் அவ்வழி நோக்கிச் சில அடி தூரம் செல்கின்றது.